அஞ்சி வந்தவரும் அஞ்சி நின்றவரும்

(குயிலாப்பாளையத்தில் நடைபெற்ற மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான்கு தானங்களைப் பற்றி நால்வர் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் வகுத்திருக்கின்றனர். ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம் ஆகிய மூன்றையும் எனக்கு முன் பேசியோர் சிறப்புற விளக்கிவிட்டனர். எஞ்சிய அபய தானம் என் பங்குக்கு வந்தது. அதனை நூல்வழியே விளக்க என்னினும் வல்லார் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே, இன்று உலக நகரங்கள் பலவற்றில் நாள்தோறும் நடைபெறும் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, அபய தானத்தை அதன் அருகில் வைத்துப் பார்க்க விரும்புகின்றேன். அவ்வழக்கு இதுதான்: அடைக்கலம் கேட்டு வரும் அயலாரை உள்ளே விடலாமா? விட்டால் நம் பாதுகாப்பு என்னாகும்?

இவ்வினாவை எழுப்புவதற்குக் குயிலாப்பாளையத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், 124 நாடுகளின் மண்ணை ஒரு கலயத்தில் இட்டு ஆரோவில் தொடங்கப்பெற்றது. அன்று தொட்டு இவ்வூரார் அயல்நாட்டவரை அண்டை வீட்டாராகக் கொண்டே வாழ்ந்து வருகின்றனர். இன்று ஆரோவிலில் ஏறத்தாழ 60 நாடுகளைச் சேர்ந்தோர் உள்ளனர். அவர்களுடைய தொழிற்கூடங்களில் இவ்வூர்ப் பெண்கள் பணியாற்றுகின்றனர்; இவ்வூரார் தம் வீட்டு அறைகளை அவர்களுக்கு வாடகைக்கு விடுகின்றனர். பூசல்கள் இல்லாமல் இல்லை. நிலத்தைப் பற்றியும் நீரைப் பற்றியும், தெருவில் விரையும் வண்டிகளைப் பற்றியும் மனத்தாங்கல்கள் உண்டு. ஆயினும் வெள்ளைக்காரர் ஒருவர் தெருவில் நடந்து சென்றால் எவரும் கதவைச் சாத்துவதில்லை. அவர் வந்து தங்கிய 24 மணி நேரத்திற்குள் விவரங்களை அரசுக்குத் தெரிவித்துவிட்டால் கடமை முடிந்தது. 'சி' படிவம் என்று இவ்வூர் விடுதிக்காரர்கள் அனைவரும் அறிந்த நடைமுறை அது.

இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சில கல் தொலைவு சென்றால் கீழ்ப்புத்துப்பட்டு வரும். அங்குள்ள ஐயனார் கோயிலுக்கு உங்களுள் பலர் சென்றிருக்கக்கூடும். அவ்வூரிலேயே இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கின்றது. அங்கு வாழ்வோரும் சட்டத்தின் பார்வையில் அயல்நாட்டவரே. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம், ஆரோவிலுக்கு வந்த பிரெஞ்சு நாட்டவரையும் படகில் வந்த மன்னார்த் தாயையும் ஒரே சொல்லால்தான் குறித்தது. 2025இல் அதற்கு மாற்றாக வந்த சட்டத்திலும் அச்சொல் அப்படியே இருக்கின்றது. நம் மொழி பேசாதவர் இங்கே விருந்தினர்; நம் மொழி பேசுபவர் அங்கே பல ஆண்டுகள் சந்தேகத்திற்குரியவர். ஒரே கடற்கரையில் இரு பார்வைகள் எவ்வாறு உண்டாயின என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேலை நாடுகளின் வழக்கை முதலில் சுருக்கமாகக் காண்போம். 2005 ஜூலை 7ஆம் நாள் இலண்டன் மாநகரின் சுரங்க இரயில்களிலும் பேருந்தொன்றிலும் குண்டுகள் வெடித்து 52 பேர் மாண்டனர். 2015 நவம்பர் 13ஆம் நாள் பாரிசில் 130 பேர் கொல்லப்பட்டனர். அதே 2015ஆம் ஆண்டில் போரினால் துரத்தப்பட்டோர் பல இலட்சக்கணக்கில் செருமனிக்குள் நுழைந்தனர். மறு ஆண்டு டிசம்பரில் பெர்லின் நகரச் சந்தையொன்றில் சரக்குந்து ஏற்றப்பட்டு 12 பேர் உயிரிழந்தனர். அதனைச் செய்தவன் அடைக்கலம் கோரி மறுக்கப்பட்டவன். இவ்வளவும் நிகழ்ந்த பின் அந்நகரத்து மக்கள் அஞ்சினார்கள் என்றால் அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. பிள்ளையை இரயிலில் அனுப்பிவிட்டு மாலைவரை காத்திருக்கும் தாயின் அச்சம் எந்நாட்டிலும் ஒன்றே.

எனினும் நாணயத்தின் மறுபக்கத்தையும் காண வேண்டும். இலண்டனில் குண்டு வைத்த நால்வருள் மூவர் பிரித்தானியாவிலேயே பிறந்தவர்கள். பாரிசுத் தாக்குதலில் ஈடுபட்டோருள் சிலர் போலிக் கடவுச்சீட்டுடன் அகதிகளின் வழியே நுழைந்தது உண்மை. ஆனால் பெரும்பாலோர் பிரான்சிலும் பெல்சியத்திலும் வளர்ந்தவர்கள். 2011இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவன் அந்நாட்டின் மண்ணின் மைந்தன். அயலார் குடியேற்றத்தின்மீது கொண்ட வெறுப்பே அவன் படைக்கலம். இலண்டன் குண்டுவெடிப்புக்குப் பின் இரு வாரங்களில், தற்கொலைக் குண்டுதாரி என்று தவறாகக் கருதிப் பிரேசில் நாட்டு இளைஞர் ஒருவரைக் காவல் துறையினர் இரயில் பெட்டியிலேயே சுட்டுக் கொன்றனர். அவர் மின்பணியாளர், எக்குற்றமும் அறியாதவர். அச்சம் ஒருவனைக் காப்பதும் உண்டு. ஆராயாமல் ஒருவனைக் கொல்வதும் உண்டு.

இவ்வழக்கில் நம் தமிழரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டதுண்டு. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தவித்த 155 ஈழத்தமிழரை அந்நாட்டு மீனவர்கள் கரைசேர்த்தனர். 2010 ஆகஸ்டில் 'சன் சீ' என்னும் கப்பலில் 492 தமிழர்கள் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தனர். இம்முறை அவர்களை வரவேற்றவை சிறைக்கூடங்கள். ஆள் கடத்துவோரும் பயங்கரவாதிகளும் அக்கப்பலில் இருக்கலாம் என்று அமைச்சரே பேசினார். பின்னர் அந்நாட்டின் அகதிச் சட்டமே கடுமையாக்கப்பட்டது. ஆண்டுகள் பல சென்று, ஒவ்வொருவராக ஆராய்ந்த பின், அவர்களுள் பலர் உண்மையான அகதிகள் என்று ஏற்கப்பட்டனர். அந்த ஆண்டுகளைச் சந்தேகத்திலேயே கழித்தவர்களுக்கு அவற்றைத் திருப்பித் தருவார் யார்?

கனடாவைக் குறைகூறுவது எளிது. நாம் என்ன செய்தோம் என்பதைச் சொல்வதே கடினம். அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் ஈழத்தமிழர் படகேறி வந்தபோது தமிழ்நாடு அவர்களைக் கைநீட்டி ஏற்றது. அந்நாள் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்குள் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இக்கரைக்கு வந்தனர். அந்தத் தொடக்க ஆண்டுகளில் அரிசி திரட்டாத தெரு இல்லை. உண்டியல் ஏந்தாத கல்லூரி இல்லை. பிறகு 1991 மே 21 வந்தது. அன்றிரவு திருப்பெரும்புதூரில் முன்னாள் தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தி மனித வெடிகுண்டினால் கொல்லப்பட்டார். அவருடன் பணியிலிருந்த காவலரும், மாலையிட வந்த எளிய மக்களும் மாண்டனர். அக்கொடுமையைச் செய்தோருள் கடல் கடந்து வந்தோர் இருந்தனர். இதனை மறைத்துப் பேசுவது வாய்மை ஆகாது.

ஆனால் அதன் பின் நிகழ்ந்தது என்ன? செய்தவர் சிலர், சுமந்தவர் அனைவரும். முகாம்களில் கெடுபிடி மிகுந்தது. பள்ளி கல்லூரிகளில் அகதிப் பிள்ளைகளின் சேர்க்கை தடைப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் செல்லத் தடை வந்தது. 1992 ஜனவரி முதல் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி தொடங்கியது. ஏறத்தாழ 54,000 பேர் 1995க்குள் கடல் கடந்து திரும்பினர். விரும்பித்தான் செல்கின்றார்களா என்ற ஐயம் உலக அரங்கில் எழுந்ததால், அதனைக் கேட்டறிய ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் 1992இல் சென்னையில் அலுவலகம் திறந்தது.

அரசைச் சொல்லிவிட்டு என் வீட்டைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

அந்நாளில் நாங்கள் திண்டிவனத்தில் குடியிருந்தோம். எங்கள் வீட்டின் பின்கட்டு காலியாக இருந்தது. வவுனியாவிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர், மனைவியோடும் இரு பெண் பிள்ளைகளோடும் முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் முறையாகப் பதிந்துகொண்டு வீடு தேடினார். என் தந்தையார் ஏப்ரல் மாதம் முன்பணம் 1,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, ஜூன் முதல் நாள் குடிவரலாம் என்று வாக்களித்தார். மே 21 கழிந்து நான்கைந்து நாட்களில், இலங்கையருக்கு வீடு விட்டவர்களை விசாரிக்கின்றார்கள் என்ற பேச்சு தெருவெங்கும் பரவியது. தந்தையார் இரண்டு இரவுகள் உறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, அந்த 1,000 ரூபாயை என் கையில் கொடுத்துத் திருப்பித் தந்துவிட்டு வரச் சொன்னார். அப்போது எனக்கு வயது 24. நான் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளூர ஆறுதலாகவே இருந்தது.

பணத்தை நீட்டியபோது அந்த ஆசிரியர் சினக்கவில்லை. எண்ணிப் பார்க்கவும் இல்லை. சற்று நேரம் நின்று சொன்னார்: "ஆமிக்கும் பயம், இயக்கத்துக்கும் பயம் எண்டுதானே தம்பி கடலாலை வந்தனாங்கள். இஞ்சை வந்தால் நீங்கள் எங்களைக் கண்டு பயப்பிடுறியள்."

வீட்டிற்கு வந்து இதனைத் தாயாரிடம் கூறினேன். அவர் முறம் வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே ஒன்று கேட்டார்: "அன்றைக்கு உடையார்பாளையத்தாரும் இப்படித்தான் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினாரோ?"

அவையில் உள்ள பெரியோர்களுக்கு இவ்வினாவின் கூர்மை விளங்கியிருக்கும். இளைஞர்களுக்காக விளக்குகின்றேன். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்ததாக நம்மவர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி இது. ஆங்கிலேயர் காலத்துத் தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரிலும் இது பதிவாகியுள்ளது. செஞ்சியை ஆண்ட தலைவன், உயர்ந்தோர் எனப்பட்ட குலம் ஒவ்வொன்றிலும் பெண் கேட்டான். சமணர் ஒருவர் தருவதாகச் சொல்லி, மணநாளில் அவனை அவமதித்தார். அவமதித்தவர் ஒருவர், ஆனால் சமணர் அனைவரின் தலையையும் கொய்யுமாறு தலைவன் ஆணையிட்டான். பலர் மாண்டனர். பலர் ஊரைவிட்டு ஓடினர். பலர் திருநீறு பூசித் தம்மை மறைத்துக்கொண்டனர். நீறுபூசி வேளாளர் என்ற பெயர் அதனால் வந்தது என்பர். திண்டிவனத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த வீரசேனாசாரியர், மறைவாக அனுட்டானம் செய்துகொண்டிருக்கையில் பிடிபட்டு, அன்று தலைவனுக்கு மகன் பிறந்திருந்தமையால் உயிர்தப்பிச் சிரவணபெளகொளா சென்றார். தாயனூர் காங்கேய உடையார் தப்பி ஓடி, உடையார்பாளையத்துப் பாளையக்காரரிடம் அடைக்கலம் புகுந்தார். அவர் இவரைக் காத்து நிலமும் அளித்தார். பின்னாளில் அமைதி திரும்பியபோது, காங்கேய உடையாரே சிரவணபெளகொளா சென்று வீரசேனரை அழைத்துவந்து, சிதறிய நம்மவரை மீண்டும் ஒன்று சேர்த்தார்.

எண்ணிப் பாருங்கள். உடையார்பாளையத்தார் நம் சமயத்தவர் அல்லர். செஞ்சியின் பகையைத் தேடிக்கொள்ள அவருக்குத் தேவையும் இல்லை. 'தலைக்கு விலை வைக்கப்பட்டவனை வைத்திருந்தால் நமக்கு ஏன் வம்பு?' என்று அவர் கதவைச் சாத்தியிருந்தால், இன்று இவ்விழா இவ்வடிவில் நடந்திருக்குமா? நாம் ஒரு காலத்தில் அகதிகளாக இருந்தோம். ஒருவர் செய்த செயலுக்காக ஓர் இனமே தண்டிக்கப்படுவது எத்தகையது என்பதை நாம் ஏட்டில் படித்து அறிய வேண்டியதில்லை.

இனி, நம் தத்துவம் இங்கு எங்கே நிற்கின்றது என்று பார்ப்போம். வினை செய்தவனையே பற்றும் என்பது நம் கொள்கையின் அடித்தளம். தந்தை செய்த வினை மகனைப் பற்றாது. அண்டை வீட்டான் செய்த வினை நம்மைப் பற்றாது. அவ்வாறாயின், ஒரே மொழி பேசினான், ஒரே தீவில் பிறந்தான், ஒரே தொழுகை செய்தான் என்பதற்காக ஒருவனுடைய குற்றத்தை மற்றொருவன்மேல் ஏற்றுவது எப்படி அறமாகும்? நீதிமன்றமும் இறுதியில் இதையே செய்தது. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒவ்வொருவர் செயலையும் தனித்தனியே எடை போட்டு, அவர்களுள் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பெருங்குற்றம் சாட்டப்பட்ட அச்சிறு கூட்டத்திலேயே பிரித்து ஆராய இவ்வளவு இருந்தது என்றால், முகாம்களில் வாழ்ந்த இலட்சம் பேரை ஒரே கோலால் அளந்தது எவ்வளவு பெரிய பிழை!

அவ்வாறாயின் காவல் வேண்டாமா? கதவைத் திறந்து போட்டுவிட்டு உறங்கலாமா? நான் அவ்வாறு கூறவில்லை; நம் அறமும் கூறவில்லை. இல்லறத்தார் தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் காக்க எதிர்த்து நிற்பதை நம் நூல்கள் தீய எண்ணத்தோடு செய்யும் கொலையினின்று வேறாகவே வைத்திருக்கின்றன. முனிவர்க்கு விதித்த ஈரியா சமிதியை நினைவு கூருங்கள். நுகத்தடி அளவு நிலத்தை முன்னே நோக்கி, சிற்றுயிர் மிதிபடாமல் அடியெடுத்து வைத்தல் அது. உயிர்கள் இருக்கின்றனவே என்று முனிவர் நடையை நிறுத்துவதில்லை. நடக்க வேண்டுமே என்று பாராமல் மிதிப்பதும் இல்லை. ஒவ்வோர் அடியிலும் பார்வை உண்டு. அரசின் பாதுகாப்பும் அத்தகையதாகவே இருக்க வேண்டும். பெயரைப் பதியட்டும், கைரேகை எடுக்கட்டும், ஐயமுள்ளவனை விசாரிக்கட்டும், குற்றம் மெய்ப்பட்டால் தண்டிக்கட்டும். ஆனால் ஒவ்வோர் ஆளாகப் பார்க்கட்டும். விரைந்து முடிவு கூறட்டும். ஒருவரையும் ஆராயாமல் அனைவரையும் அடைத்து வைப்பது பார்க்காமல் மிதிப்பதை ஒக்கும். உண்மையான தீயோன் கூட்டத்தில் மறைந்துகொள்ளவும் அதுவே வழி செய்கின்றது.

நம் நாட்டில் நிலைமை சிறிது சிறிதாகத் திருந்தி வருவதையும் சொல்ல வேண்டும். 2021இல் தமிழ்நாடு அரசு, அகதிகள் முகாம் என்ற பெயரை நீக்கி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயரிட்டது. பழுதுற்ற 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர் இந்தியக் குடிமகளே என ஏற்று, அவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது, கடவுச்சீட்டு இல்லை என்பதற்காக வழக்குத் தொடுக்க வேண்டியதில்லை என்று 2025இல் ஒன்றிய அரசு விலக்களித்தது. ஆயினும் 1987க்குப் பின் முகாமில் பிறந்த பிள்ளைகள், இம்மண்ணிலேயே படித்து, இம்மண்ணிலேயே மணந்து, இன்னும் எந்நாட்டுக் குடிமக்களும் ஆகாமல் இருக்கின்றனர். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு வழி திறந்தது. அவ்வாறனுள் சமணரும் ஒருவர். அம்மூன்று நாடுகளுள் இலங்கை இல்லை. நமக்குத் திறந்த கதவு பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குத் திறக்கவில்லையே என்று வருந்துவதும், அதை உரிய இடத்தில் எடுத்துரைப்பதும் நம் கடமை அன்றோ?

அபயம் என்ற சொல்லுக்கு அச்சமின்மை என்று பொருள். அபய தானம் என்பது அச்சமின்மையைக் கொடையாகக் கொடுத்தல். தன்னிடம் இல்லாத பொருளை எவனும் தானம் செய்ய இயலாது. அன்று எங்கள் வீட்டில் அரிசி இருந்தது, பின்கட்டும் இருந்தது, அச்சமின்மை மட்டும் இல்லை. ஆகவே எங்களால் கொடுக்க இயலவில்லை. கொடுமை செய்யும் எண்ணம் எவருக்கும் இருந்ததில்லை. அஞ்சி வந்தவர் முன் நாங்கள் அஞ்சி நின்றோம், அவ்வளவே. உலகின் பெருநகரங்களில் நடப்பதும் பெரும்பாலும் அதுவே.

அந்த ஆசிரியரை மீண்டும் நான் காணவில்லை. 1992இல் திரும்பியவர்களுள் அவரும் ஒருவரோ, வேறு ஊருக்குச் சென்றாரோ, அறியேன். தந்தையார் காலமாகும் வரையில் அந்தப் பின்கட்டை எவருக்கும் வாடகைக்கு விடவில்லை. காரணத்தை அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அறக்கட்டளையினருக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றேன். ஆண்டுதோறும் இவ்விழாவையொட்டி மாணவர்க்குக் கல்வி உதவி வழங்குகின்றீர்கள். வரும் ஆண்டு முதல் அப்பட்டியலில் கீழ்ப்புத்துப்பட்டு முகாமின் பிள்ளைகள் இருவரையேனும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பணம் 1,000 ரூபாய் இன்னும் என்னிடம் கடனாக நிற்கின்றது. அதன் பெருக்கமாக முதல் ஆண்டின் செலவை நான் ஏற்கின்றேன். அதனைத் தானம் என்று எழுதாதீர்கள். கடன் தீர்த்தல் என்று எழுதுங்கள்.

 எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க.